சித்தி திரும்பும் இடம்

இப்போதெல்லாம் போனை ஒரு படத்துக்கு நேரே நீட்டினால் போதும், உள்ளே இருக்கும் குரல் மடமடவென்று ஒப்பித்துவிடுகிறது. "ஒரு வரைபடம். இரண்டு கோடுகள். ஒன்று நீலம்." நீலமாம். பிறந்ததிலிருந்து பார்வை இல்லாதவளிடம் நீலம் என்று சொன்னால் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, தலையில் சூடிக்கொள்ளவா? இணையவழியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுப்பதுதான் இன்று எனக்கு வேலை. என் மாணவர்கள் சிலர் அந்தக் குரலை நம்பித்தான் படிக்கிறார்கள். நல்ல வசதிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனாலும் அது "கோடு" என்று சொல்லும்போதெல்லாம் எனக்குப் படக்காவின் குரல் கேட்கிறது. கூடவே எங்கள் பழைய வீட்டுப் பின்னறையும், கொல்லையில் சித்தி ஈரத்துணியை உதறும் சத்தமும் வந்துவிடுகின்றன. அந்த வீட்டை விற்றாயிற்று. சித்தியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் மட்டும் உட்கார்ந்து ஏங்கிக்கொண்டிருக்கிறேன்.

நான் படித்தது இணையவழிக் கல்லூரியில். வாசலும் கிடையாது, மணியும் கிடையாது. பின்னறையில் ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள், இவ்வளவுதான் கல்லூரி. எழுத்து வரும்வரை மென்பொருள் கடகடவென்று படிக்கும். படம் வந்ததும் "படம்" என்று ஒரு சொல்லை உதிர்த்துவிட்டு வாயை மூடிக்கொள்ளும். பொருளாதாரப் புத்தகத்திலோ பக்கத்துக்குப் பக்கம் படம். நான் விடுவேனா? கல்லூரியின் மாற்றுத்திறனாளி மாணவர் உதவிப் பிரிவுக்குப் புகார் மேல் புகாராக எழுதித் தள்ளினேன். என் தொல்லை தாங்காமல்தான் அவர்கள் ஓர் ஆளைக் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

படங்களை வாயால் சொல்வதற்கென்றே ஓர் அக்கா. "படம் சொல்ற அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்து, நாலைந்து வகுப்புக்குள் அது படக்கா ஆகிவிட்டது. அவள் என்னைக் கடுகு என்பாள். குள்ளமாக இருப்பேன், சட்டென்று வெடிப்பேன், அதனால். நாங்கள் நேரில் சந்தித்ததே இல்லை. அவள் வேறு ஊரில் தன் வீட்டுச் சமையல்கட்டில் உட்கார்ந்து பேசுவாள். லேசாகக் கட்டின தொண்டை. பேச்சுக்கு நடுவே சூடாக எதையாவது உறிஞ்சிக்கொண்டே இருப்பாள்.

முதல் நாள் அவள் சொன்னது அச்சு அசல் விதிப்புத்தகம். "இடப்பக்க மேல் மூலையில் தொடங்கி வலப்பக்கக் கீழ் மூலையை நோக்கி, சாய்வு படிப்படியாகக் குறையும் வளைகோடு." எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"அக்கா, மனுஷங்க பேசற மாதிரி பேசுங்களேன்" என்றேன்.

வேறு யாராவது என்றால் அன்றைக்கே மூட்டையைக் கட்டியிருப்பார்கள். அவள் சிரித்தாள். "சரி, நீயே சொல்லு. உனக்கு எப்படிச் சொன்னா விளங்கும்?"

அப்படித்தான் எங்கள் வழி பிறந்தது. சித்தியின் சமையல் தட்டு ஒன்றைக் கேட்டு வாங்கினேன். மெழுகு தேய்த்த நூலை அந்தத் தட்டில் அழுத்தி ஒட்டினால் நிற்கும், விரலால் தடவினால் தெரியும். அவள் சொல்லச் சொல்ல நான் நூலால் கோடு போடுவேன். பிறகு தட்டைக் கேமராவுக்குக் காட்டுவேன். "கடுகு, நடுவுல தொங்குது, கொஞ்சம் இழு" என்பாள். பாதி நாள் கேமரா எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும். "உங்க வீட்டு மின்விசிறி ரொம்ப அழகா இருக்கு. தட்டு எங்கே?" என்பாள்.

கோடுகளுக்கு உறவு முறை வந்தது தானாக வந்ததுதான். ஒரு நாள் படுக்கைக் கோடு ஒன்று வந்தது. மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அப்படியே கிடக்கிறது என்றாள். "எங்க பெரியப்பா மாதிரி" என்றேன். அவர் ஓய்வு பெற்றதிலிருந்து கூடத்துச் சோபாவை விட்டு எழுந்ததாகச் சரித்திரம் இல்லை. அன்றிலிருந்து படுக்கைக் கோடு பெரியப்பா. தொட்டதெல்லாம் சறுக்கிவிடும் சின்ன மாமா, கீழே இறங்கும் கோடு. பேசப் பேசக் குரல் ஏறிக்கொண்டே போகும் அத்தை, மேலே ஏறும் கோடு. பொருளின் தேவையாக மாமாவும் வரத்தாக அத்தையும் சந்திக்கும் இடத்தில் விலை நிற்கும். நிஜத்தில் அவர்கள் இருவருக்கும் ஆகவே ஆகாது, அது வேறு கதை.

பிறகு ஒரு நாள் சராசரிச் செலவுக் கோடு வந்தது. ஒரு தொழிற்சாலை கொஞ்சமாகச் செய்யும்போது பொருளுக்கு ஆகும் செலவு அதிகம், நிறையச் செய்யச் செய்யக் குறையும், ஓர் இடத்தில் திரும்பி மறுபடி ஏறும்.

"கீழே போகுது, போகுது, ஒரு இடத்துல மனசு மாறி மேலே வருது" என்றாள் படக்கா.

கொல்லையில் துணி உதறும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நிற்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்தி, "அப்போ அது சித்தி" என்றேன்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். அம்மா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டாள். அப்பாவுக்குக் கப்பலில் வேலை. என்னை வளர்த்தது சித்தப்பாவும் சித்தியும்தான், பெரியப்பாவும் அதே வீட்டில் இருந்தார். எனக்குப் பத்து வயது இருக்கும்போது ஒரு நாள் காலையில் சித்தப்பாவுக்கும் சித்திக்கும் பெரிய சண்டை. சித்தப்பா வேலைக்குப் போனார். சித்தி பையை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனாள். இருட்டுவதற்குள் திரும்பி வந்துவிட்டாள். ஏன் போனாள், ஏன் வந்தாள், யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சித்தப்பா மட்டும் பிற்பாடு வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "போக்கிடம் ஏது? போன வழியே வந்துட்டா" என்று சொல்லிச் சிரிப்பார். அப்போது சித்தி அடுக்களையில் பாத்திரத்தைக் கொஞ்சம் ஓங்கி வைப்பாள். அவ்வளவுதான். அதைப் பற்றி அந்த வீட்டில் மூச்சு விடக் கூடாது, அது எழுதாத சட்டம். நான் மூச்சு விட்டது படக்காவிடம் மட்டும். அவள் சிரிக்கவில்லை. "சரி, இது சித்தி" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனாள்.

மூன்று வருடம் இப்படி ஓடியது. என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான காலம் வரவில்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

கடைசி வருடத் தேர்வு. தேர்வின்போதும் படம் சொல்ல ஆள் வைத்துக்கொள்ள எனக்கு அனுமதி உண்டு. படத்தின் வடிவத்தை மட்டும் சொல்லலாம், விடையைச் சொல்லக் கூடாது, எல்லாம் பதிவாகும். ஒரு கேள்வியில் படம் கொடுத்து, இந்தத் தொழிற்சாலைக்கு லாபமா நஷ்டமா, ஏன் என்று கேட்டிருந்தார்கள். படக்கா எப்போதும்போலச் சொன்னாள்.

"சித்தி இருக்கா. நம்ம சித்தியவிடச் சீக்கிரமாத் திரும்பிடறா. பெரியப்பா அவளுக்குக் கீழே படுத்திருக்கார். சித்தி அவரத் தொடவே இல்ல."

நான் தட்டில் நூலை ஒட்டினேன். பெரியப்பா என்றால் இந்தப் படத்தில் விலை. சித்தி என்றால் செலவு. விலை எந்த இடத்திலும் செலவைத் தொடவில்லை என்றால் எவ்வளவு செய்தாலும் நஷ்டம்தான். எழுதினேன், முடித்தேன், அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

தேர்வு முடிவு எல்லோருக்கும் வந்தது, எனக்கு மட்டும் வரவில்லை. அதற்குப் பதில் தேர்வு ஒழுங்கு அதிகாரியிடமிருந்து போன் வந்தது. பதிவைக் கேட்டாராம். ஒரு பொருளாதாரத் தேர்வில் பெரியப்பா எதற்கு, சித்தி எதற்கு, யார் யாரைத் தொடவில்லை? இது ரகசியக் குறி, இதை வைத்து விடை கடத்தியிருக்கிறீர்கள் என்றார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எங்கள் கதை அப்படி ஆயிற்று.

அவர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, வேறு ஆளை வைத்து அந்த ஒரு தேர்வை மறுபடி எழுதுவது. என் மேல் எந்தக் கறையும் விழாது, ஆனால் படக்காவின் வேலை அன்றோடு முடிந்தது. இன்னொன்று, விசாரணை. அதில் தோற்றால் கடைசி வருடம் மொத்தமும் ரத்து.

படக்காவிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் எதையும் உறிஞ்சவில்லை.

"மறுபடி எழுதிடு கடுகு. எனக்கு வேற வேல கிடைக்கும்."

"எங்கே கிடைக்கும்?"

"எங்கேயாவது."

"அப்போ நீங்க திருட்டுத்தனம் பண்ணினீங்கன்னு ஆயிடுமே, அக்கா."

"ஆனா ஆகட்டும். அரைக்கிணறு தாண்டிட்டு உள்ள விழப் போறியா?"

சித்தப்பாவும் அதையேதான் சொன்னார். வீண் வம்பு எதற்கு, எழுதித் தொலை என்றார். விசாரணையில் ஜெயிக்க ஒரே வழி, அந்தப் பெயர்கள் வெறும் வடிவத்துக்கான பெயர்கள் என்று காட்டுவது. அதற்குப் பெரியப்பா ஏன் பெரியப்பா என்று சொல்ல வேண்டும், அது பரவாயில்லை. சித்தி ஏன் சித்தி என்றும் சொல்ல வேண்டும். தாய் மாதிரி வளர்த்தவளின் மானத்தை முன்பின் தெரியாத மூன்று பேர் நடுவில் கொண்டுபோய் வைப்பதா? வைக்காவிட்டால் படக்கா திருடி ஆகிவிடுவாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

கடைசியில் என் கோபம்தான் முடிவு செய்தது. விசாரணை வேண்டும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் விதி தெரிந்தது. நான் வீட்டிலிருந்தபடியே பேசலாம், ஆனால் யாரும் ஒளிந்திருந்து சொல்லிக்கொடுக்கவில்லை என்று காட்ட, பார்வையுள்ள ஒருவர் கூடவே இருந்து அறையைக் கேமராவில் சுற்றிக் காட்ட வேண்டும். பகலில் வீட்டில் இருப்பது பெரியப்பாவும் சித்தியும். பெரியப்பா எழுந்திருக்க மாட்டார். அடுத்த வீட்டுக்காரம்மாவைக் கூப்பிடலாமா என்று சித்தியிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன்.

"நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கும்போது அவங்க எதுக்கு?" என்றாள்.

விசாரணைக்கு முந்தின நாள் அவளிடம் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று அடுக்களைக்குப் போனேன். "சித்தி" என்றேன். "என்ன?" என்றாள். "தண்ணி வேணும்" என்றேன். தாகம் இல்லாமலே ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன். ஊரையே வாயால் அளப்பவள் நான், அந்த ஒரு வார்த்தைக்கு என் வாய் திறக்கவில்லை.

விசாரணையில் மூன்று பேர். ஒழுங்கு அதிகாரி, ஒரு பொருளாதாரப் பேராசிரியை, குறிப்பெடுக்க ஓர் எழுத்தர். படக்காவும் இணைப்பில் இருந்தாள். சித்தி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அறையைச் சுற்றினாள். கட்டிலுக்கு அடியில்கூடக் காட்டினாள், அங்கே பழைய செருப்புகள் இருப்பதற்காக மன்னிப்பும் கேட்டாள். பிறகு என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பெரியப்பான்னா என்ன?" என்று அதிகாரி ஆரம்பித்தார்.

சொன்னேன். சோபாவையும் சொன்னேன். கூடத்திலிருந்து பெரியப்பா, "யாரு என்னக் கூப்பிட்டது?" என்று படுத்தபடியே குரல் கொடுத்தார். பேராசிரியை சிரித்தேவிட்டார். மாமாவைச் சொன்னேன், அத்தையைச் சொன்னேன். சித்திகூட மூக்குக்குள் சிரித்தது எனக்குக் கேட்டது.

"சரி. சித்தி?"

மடியில் இருந்த தட்டின் விளிம்பைத் தடவிக்கொண்டே சொன்னேன்.

"அதுவும் ஒரு கோடுதான் சார்."

"எந்த மாதிரிக் கோடு? ஏன் அந்தப் பேரு?"

பக்கத்து நாற்காலியில் சித்தியின் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.

"மத்ததுக்கெல்லாம் காரணம் இருக்கு, இதுக்கு மட்டும் இல்லையா?" என்றார் அதிகாரி. "அப்போ இதுதான் குறி."

படக்கா குறுக்கிட்டாள். "சார், அந்தப் பேர நான்தான் வெச்சேன். அதுக்கு அர்த்தம் ஒண்ணும் இல்ல. தப்பு என்மேலதான்னு எழுதிக்குங்க. பொண்ண விட்டுடுங்க."

அவள் எதற்காக அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். பார்த்தே இராத என் சித்தியைக் காப்பாற்றுவதற்காகத் தன் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாள். அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"அக்கா பொய் சொல்றாங்க. நான் வெச்ச பேரு அது" என்றேன். "எங்க சித்தி ஒரு தடவ வீட்ட விட்டுப் போனாங்க. போயிட்டே இருந்தவங்க, போக்கிடம் இல்லாம ஒரு இடத்துல திரும்பி வந்துட்டாங்க. அந்தக் கோடும் அப்படித்தான், கீழே இறங்கித் திரும்பி ஏறும். வேற ஒண்ணும் இல்ல."

சொல்லி முடித்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன். பக்கத்து நாற்காலி கிறீச்சிடவில்லை. சித்தி எழுந்து போகவில்லை.

பேராசிரியைதான் பேசினார். "இப்போ எல்லாருக்கும் அர்த்தம் தெரிஞ்சுபோச்சு. சார், நீங்க சட்டம் படிச்சவர், பொருளாதாரம் தெரியாது. பதிவுல அவங்க சொன்னத வெச்சு நீங்களே வரைங்க, பார்ப்போம்."

காகிதத்தில் பேனா நகரும் சத்தம் வந்தது. இரண்டு இழுப்பு, அவ்வளவுதான்.

"கேள்வித்தாள்ல இருக்கற படமேதான்" என்றார் பேராசிரியை. "இப்போ சொல்லுங்க. இந்தத் தொழிற்சாலைக்கு லாபமா, நஷ்டமா?"

அதிகாரி தொண்டையைச் செருமினார். "அது எனக்கு எப்படித் தெரியும்?"

"அதத்தான் சொல்றேன். படம் வந்துடுச்சு, விடை வரல. விடை அந்தப் பொண்ணு படிச்சது."

அப்புறம் ஐந்தாறு வாக்கியம் சட்ட பாஷையில் பேசினார்கள். குற்றச்சாட்டு கைவிடப்பட்டது, முடிவை வெளியிடலாம், படம் சொல்பவர் வேலையில் தொடரலாம். போகிற போக்கில் அதிகாரி, இனிமேல் தேர்வில் எல்லோரும் கேட்டால் புரிகிற வார்த்தையில் சொல்லுங்கள் என்றார். படக்கா "சரிங்க சார், சரிங்க சார்" என்றாள். குரல் உடைந்திருந்தது. எனக்கோ சந்தோஷப்படக்கூடத் தைரியம் இல்லை. சித்தி எட்டி மடிக்கணினியை மூடினாள். பின்னறை அமைதியாகிவிட்டது.

நான் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திட்டு விழும் என்று காத்திருந்தேன். விழுந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

"சித்தி, மன்னிச்சுடுங்க."

"எதுக்கு? போனது நெசம்தானே. வந்ததும் நெசம்." நாற்காலியை என் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டாள். "ஒண்ணு மட்டும் தப்பாச் சொல்லிட்ட."

"என்ன?"

"போக்கிடம் இல்லாம வரல நான். அது உங்க சித்தப்பா கட்டிவிட்ட கத. எங்க அக்கா வீட்டுக் கதவு எனக்கு எப்பவும் திறந்துதான் இருந்தது. பஸ் ஏறி உட்கார்ந்துட்டேன். டிக்கெட்டும் எடுத்துட்டேன்."

"அப்புறம் ஏன்?"

சொல்வதற்குக் கூச்சப்படுகிறவள் போல, சிறிய குரலில் பேசினாள்.

"பீரோ மேல இருந்த பைய எடுக்க ஸ்டூல் போட்டு ஏறினேன். கோவத்துல அத அங்கேயே விட்டுட்டு வந்துட்டேன். நீ நடக்கற வழிக்கு நடுவுல. உனக்குக் கால் பழகின வீடு, நான் ஒரு சாமான இடம் மாத்தி வெச்சதில்ல. பாதி வழியில ஞாபகம் வந்துடுச்சு. தடுக்கி விழுந்தா பல்லு போயிடுமேன்னு ஒரே பதட்டம். பஸ்ஸ நிறுத்தச் சொல்லி இறங்கிட்டேன். ஸ்டூல எடுத்து ஓரமா வெச்சுட்டு அடுத்த பஸ்ல போயிடலாம்னுதான் வந்தேன். இத யார்கிட்ட சொல்றது? ஸ்டூலுக்காகத் திரும்பி வந்தேன்னு சொன்னா சிரிக்க மாட்டாங்களா?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சோப்பு நீரில் ஊறி ஊறிச் சொரசொரப்பான கை.

"வந்து பார்த்தா, நீ அந்த ஸ்டூல் மேலயே உட்கார்ந்திருந்த. வாசப் பக்கம் திரும்பி, ரெண்டு கையாலயும் அதக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு. யார்கிட்டயும் எதுவும் கேக்கல, அழவும் இல்ல. அப்புறம் நான் எங்கடி போறது?"